பூட்டில்லாத நெட்ஸ்கேப்

1999இல் என் புருஷன் சிவகுருநாதனுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் ஆறுவதற்குள் இணையம் பார்க்க உதவும் எக்ஸ்புளோரரையும் நெட்ஸ்கேப்பையும் எடைபோட ஆரம்பித்துவிடுவார். நெட்ஸ்கேப்பிலேயே அஞ்சல் எழுதலாம், இணையப் பக்கம்கூடக் கட்டலாம், ஆனாலும் எக்ஸ்புளோரர்தான் உசத்தி என்பார். அதற்குள்ளேயே ஒரு பூட்டு இருந்தது. கடவுச்சொல் போட்டுவிட்டால் அவர் அனுமதித்த பக்கங்கள் மட்டும்தான் திறக்கும்.

"பொம்பளைங்க இருக்குற வீட்டுக்கு இதுதான் லாயக்கு லா" என்று சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூட்டென்றால் அவருக்கு உயிர். தொலைபேசியிலும் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா வள்ளிநாயகியோடு பேசிவிட்டேன் என்று மாட்டியது. அன்றைக்கே என் கடைவாய்ப் பல்லும் ஒன்று போயிற்று.

இவ்வளவு பேசியவர் நெட்ஸ்கேப்பை ஒழித்துக்கட்டிய லட்சணம் இதுதான்: திரையில் இருந்த அதன் படத்தை மட்டும் அழித்துவிட்டு, தொலைந்தது என்று நினைத்துக்கொண்டார். அவர் வேலைக்குப் போனதும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தித் தேடினேன். உள்ளே குத்துக்கல்லாட்டம் இருந்தது, பூட்டு எதுவும் இல்லாமல். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைக் கொண்டுவரும் மோடமும் அந்தப் பூட்டைச் சட்டை செய்யாமல் கீச்சிட்டுக்கொண்டு இணைந்தது. எனக்கென்று ஒரு பாஸ்வேர்டு போட்டு அஞ்சல் கணக்குத் தொடங்கி, இந்த மனுஷன் என்னைக் கொன்றுவிடுவார் என்று அக்காவுக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. நான் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன், அவர் வீட்டில் இல்லாத நாளைச் சொல் என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வெளியூரில், ஜுருவில், நாள் முழுக்க வேலை. அதை எழுதுவதற்காகத் திறந்தபோது நெட்ஸ்கேப் ஒரு கேள்வி கேட்டது. இனிமேல் எல்லாப் பக்கங்களையும் நானே திறக்கட்டுமா என்றது. இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டே பழகிய கை என் கை. படித்து முடிப்பதற்குள் 'யெஸ்'ஸை அழுத்திவிட்டது. அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலை அவருக்கு வந்த அஞ்சலில் இருந்த ஓர் இணைப்பைத் தட்டினார். எக்ஸ்புளோரர் வரவேண்டிய இடத்தில் நெட்ஸ்கேப் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழுந்து போய் முன்கதவைத் தாழிட்டார்.

என் முடியைப் பிடித்து இழுத்து மேசை விளிம்பில் மோதினார். நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"யாருக்குடி எழுதுன? பாஸ்வேர்டைச் சொல்லு."

சொன்னால் வெள்ளிக்கிழமை போய்விடும். அதற்குப் பிறகு நான் உயிரோடு இந்த வீட்டைத் தாண்ட முடியாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கீபோர்டைத் தூக்கி முகத்தில் அறைந்தார், அதன் பொத்தான்கள் தரையெல்லாம் சிதறின. என் வலது கையை மேசை இழுப்பறைக்குள் திணித்து இடுப்பால் ஓங்கித் தள்ளினார். விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடியும் பாஸ்வேர்டைக் கேட்டார். இடது கைக்கு அகப்பட்ட மோடத்தைப் பிடுங்கி அவர் மூக்கிலேயே அடித்தேன். எலும்பு நொறுங்கியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் திரைப்பெட்டியைத் தூக்கி என்மேல் எறிந்தார். குறி தப்பிச் சுவரில் பட்டு வெடித்தது. அந்தச் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியின் மகன்கள் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார்கள்.

அங்கே மூக்கில் பஞ்சோடு அவர் என் பின்னால் வந்து நின்றார். குளியலறையில் வழுக்கி விழுந்தாள், தூக்கப் போய் நானும் இடித்துக்கொண்டேன் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். என் தோளில் அவர் கை இருந்தது. நோர்மா என்ற தாதி என் விரல்களுக்குக் கட்டுப் போட்டபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், விழுந்தீர்களா என்று மலாயில் கேட்டாள். பல் போன அன்றைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு ஆமாம் என்றிருந்தேன்.

தோளில் இருந்த கை இறுகியது.

"இல்ல" என்றேன். "இவருதான் அடிச்சாரு. போலீஸக் கூப்பிடுங்க."

நோர்மா நிமிர்ந்தாள்.