கிரீடம் வைத்த யாழ்

“யாழுக்கு மேல என்னமோ உட்கார்ந்திருக்கே, அது என்ன வாத்தியாரே?”

“கிரீடம் மாமா.”

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். யாழ் பொறித்த அந்தப் பழைய காசு என் உள்ளங்கையில்தான் இருந்தது. மறுநாள் எனக்கும் கோல்மனுக்கும் கல்யாணம். பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை பெண்ணின் கையில் வெள்ளிக் காசு வைத்து, என் உடைமையெல்லாம் இனி உனக்கும் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் அடுப்படியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: காசில் ராஜா தலை இருக்கக்கூடாது. எட்டு வருடங்களுக்கு முன் இங்கிலாந்து ராஜாவின் சிப்பாய்கள் என் அண்ணன் ஃபெர்கலை எங்கள் வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள். போன டிசம்பரில் நம் அயர்லாந்து அரசாங்கத்தின் புதுக்காசு வந்தபோது, ஒரு பக்கம் நம் நாட்டுச் சின்னமான யாழையும் மறுபக்கம் குதிரையையும் பார்த்துவிட்டு, ராஜா மூஞ்சிக்கு இந்தக் குதிரை எவ்வளவோ தேவலை என்று கிளேர் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

அந்தப் புதுக்காசே போதும் என்றுதான் நான் சொன்னேன். கோல்மன் கேட்கவில்லை. பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவன். நம் காசில் முதன்முதலாக யாழ் ஏறிய அந்தக் காசையே எனக்குத் தருவதென்று மாதக்கணக்காகத் தேடியிருந்தான். கருத்துப்போய், காய்ந்த இலை போல மெலிதாக இருந்தது.

யார் போட்டது என்று அப்பா கேட்டார். பாடம் நடத்துகிற உற்சாகத்தில் கோல்மன் சொல்லிவிட்டான்: எட்டாம் ஹென்றி, இங்கிலாந்து ராஜா. நம் மடாலயங்களை இடித்த அதே ஹென்றி. பெயரைச் சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும்.

யாழின் இருபுறமும் இருந்த எழுத்துகளைப் பற்றிக் கேட்டது நான். ஒன்று ஹென்றி பெயரின் முதலெழுத்தாம், மற்றது அவன் ராணி ஆனுடையது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில். கல்யாணத்துக்கு எத்தனை பொருத்தம் என்று நினைத்து வாங்கியிருக்கிறான்.

“அவ தலையத்தானே வெட்டினான்?” என்றேன்.

“அது ரெண்டு வருஷம் கழிச்சு” என்றான், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

என் விரல்கள் மூடிக்கொள்ள மறுத்தன. கையைக் கவிழ்க்கவும் தோன்றவில்லை. அப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபெர்கலின் கல்லறைக் கல்லில் யாழைச் செதுக்கியவர் அவர்தான். சிலுவையைவிடப் பெரிதாக இருக்கிறதென்று பங்குச் சாமியார் கோபித்தும் கேட்காமல், குளிர்காலம் முழுக்கத் தன் கையாலேயே யாழின் நரம்புகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டினார். இப்போது அவருடைய கட்டைவிரல் மேசைப் பலகையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.

“அவனுக்கு முன்னாடி நம்ம ஆளு ஒருத்தனாவது இதக் காசுல போட்டிருப்பான், தம்பி” என்றார். அவர் கோல்மனைத் தம்பி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. “உன் புஸ்தகத்துல எங்கயாவது இருக்கும். நல்லாப் பாத்துச் சொல்லு.”