அடுத்த ஊரில் பெய்த மூச்சு

அன்று மதியம் சலவைக் கடையில் இருந்தவர்கள்: கடையை நடத்திவந்த லாண்டரிக்காரி, இஸ்திரிப் பெட்டியோடு அவள் புருஷன், போர்வை மடித்துக்கொண்டிருந்த நாத்தனார், மேசைக்கடியில் தூங்கிய கைக்குழந்தை, கோட்டு வாங்க வந்த பல் டாக்டர். லாண்டரிக்காரி ஒரு கொட்டாவி விட்டாள். வாயிலிருந்து வந்த வெண்மேகம் கூரையில் முட்டி, ஜன்னலைக் கண்டுபிடித்து, மேற்கே போனது. டாக்டர் கோட்டை உதறிப் பார்த்து, காலர் ஈரமாகிவிட்டது என்றார். மறுபடி இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள்.

ஊரில் அப்போது மழை நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. அங்கே காற்று எப்போதும் கிழக்கிலிருந்துதான் வரும். கிழக்கே, மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டத்தில் ஒரு காடு இருந்தது. மழை நிற்பதற்கு முன்பு, நமக்கு வரவேண்டிய மழையில் பாதியை அந்தக் காடு வழியிலேயே குடித்துவிடுகிறது என்று ஊர் நம்பியது. மரக் கம்பெனி வெட்ட வந்தபோது இங்கிருந்து லாரி ஏறிப் போய்க் கோடாரி பிடித்தார்கள், லாண்டரிக்காரியின் புருஷன் உட்பட. காடு போனது, வழி திறந்தது, திறந்த வழியில் வெறும் காற்று வந்தது. குடித்ததையெல்லாம் அந்த மரங்கள் மூச்சாக விட்டுக்கொண்டிருந்தன, அந்த மூச்சுதான் இங்கே மழையாக விழுந்தது என்பது தொட்டி காய்ந்த பிறகுதான் உறைத்தது. வெட்கப்பட்டார்கள். வெட்கத்தைக் குடிக்க முடியாது.

ஆகவே லாண்டரிக்காரியை ஊர் விடவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து ஒரு மேகம் விட்டாள். மேகத்துக்கு மீதித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். மழையும் பெய்தது, மேற்கே அடுத்த ஊரில். அந்த ஊர்க்காரர்கள் குடையோடு வந்து நலம் விசாரித்தார்கள்.

"உங்க அண்ணிக்குச் சளி கிளி பிடிச்சிடாம பாத்துக்குங்கம்மா."

நாத்தனார் அவர்களை அனுப்பிவிட்டுத் தொட்டி மேல் ஏறினாள்.

"அண்ணி, நீங்க விடற மூச்சு நமக்கே எப்படி மழையாகும்? காத்து வர்ற பக்கமா தள்ளிப் போய் விடணும். அந்த மரமெல்லாம் நின்ன இடத்துல."

"அவ்வளவு தூரமா? குழந்தையை யார் பாக்கறது?"

"நான் இருக்கேன். எங்க அண்ணனும் இருக்கார், பேருக்கு."

போ என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையின் உதடு வெடித்திருந்தது. கிளம்பிவிட்டாள்.

வெட்டுப்பட்ட அடிமரங்களுக்கு நடுவே கம்பெனி விட்டுப்போன தகர ஷெட்டில் குடியேறினாள். மலை தாண்டி வந்த முதல் மழையில் லேசாக சோப்பு வாசனை இருந்தது. தொட்டி நிறைந்தது. இந்த ஊரில் இதைவிடப் பெரிய காரியத்தை யாரும் செய்ததில்லை. சிலை வைக்கலாம் என்றார்கள். சிலை மூச்சு விடுமா என்று நாத்தனார் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. கோடாரி பிடித்த புருஷன் மரக்கன்றுகளைச் சுமந்து போய் நட்டுவிட்டு வந்தான்.

அவள் வீட்டுக்கு வந்தால் மழை அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் ஆரம்பத்தில் வந்த காலோடு திரும்பினாள். கன்றுகள் வளர்ந்து அவள் வேலையில் பங்கெடுத்தபோது, கூடுதலாகச் சில நாள் தங்க முடிந்தது. மகள் அவளைவிட உயரமாகிவிட்ட வருடம், பட்டன் தைக்கணும், பரண் சுத்தம் பண்ணணும் என்று சாக்குச் சொல்லி லாண்டரிக்காரி இருந்துவிட்டாள். தோட்டங்கள் வாடின. அவள் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் அம்மாவின் பையை எடுத்து வாசலில் வைத்தாள்.

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமாடி?"

"நாளைக்கும் நீ இதையேதான் கேப்பே."

"கேப்பேன்தான்."

"எனக்கும் சரின்னு சொல்லத்தான் தோணும்மா. போ."

லாண்டரிக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். மகள் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டி, சாவியை அத்தையின் கையில் கொடுத்தாள்.