லீவு குடுக்கிற கம்பனி

"றுவைஸ் சேருக்கு உப அதிபர் எண்டு போட்டாச்சு. உங்கட பேருக்கு முன்னால என்ன போடுற, மகன்?"

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் முத்தலிப் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகும் ஜனாஸா அறிவித்தலை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டிருந்தார். சஜீத்தின் வாப்பா சரீப் அன்று விடிய, பள்ளியில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கண்ணை மூடிவிட்டார். கிண்ணியாவில் மௌத்தானவரை ஊர் விளங்கிக்கொள்வது பிள்ளைகளை வைத்துத்தான். பிள்ளைகளை விளங்கிக்கொள்வது அவர்கள் பார்க்கும் வேலையை வைத்து.

சஜீத் ஒரு காலை உள்ளேயும் மற்றதை வாசற்படியிலும் வைத்துக்கொண்டு நின்றான். வேலை போன நாளிலிருந்து அவனுக்கு ஓரிடத்தில் நிற்க வராது.

"ஹாபர் சுப்பவைசர் எண்டு போடுங்க," என்றார் பக்கத்தில் நின்ற மூத்தவர் றுவைஸ் காக்கா.

"அது முந்தி, காக்கா."

"முந்தியெண்டா என்ன? செய்த வேலைதானே. நாலு பேர் கேக்கிற அறிவித்தல்."

"வேணாம். பேர மட்டும் போடுங்க."

முத்தலிப் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதி முடித்தார்.

அவர்கள் வீடு வந்து சேருமுன்னே ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. "அன்னார் உப அதிபர் றுவைஸ், சஜீத் ஆகியோரின் தந்தையாவார்." முன்பல் விழுந்த வாய் மாதிரிக் கேட்டது அவன் பேர். தானாகத்தான் வேண்டாமென்று சொன்னான், ஆனாலும் வெட்கமாக இருந்தது. வாப்பா மௌத்தான அன்றைக்கும் இந்த வெட்கம் தன்னை விடுகிறதில்லையே என்று அவனுக்கு அவன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவன் வேலை பார்த்தது துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் கம்பனியில். போன வருஷ நோன்புக்கு முன்னம் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் அவனும் போனான். பிறகென்ன, வேலை கேட்டுக் கொழும்பு பஸ்ஸும் சீவிக் கட்டும்தான். 'பாத்துச் சொல்றம்' என்றவர்களில் பார்த்தவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. சத்தமே போடாத ஃபோனை எடுத்து எடுத்துப் பார்ப்பான். பெண்சாதி ஹுஸ்னியா தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டுக் கேற்றடிக்குப் போவான். கேற்றடியில் என்ன கிடக்கு? ஒன்றுமில்லை. திரும்பி வருவான். "ஓரிடத்தில இருங்களன்," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. காக்காவுக்குப் பள்ளிக்கூடம். "தம்பி வீட்டதானே நிக்கிறான்," என்று பேச்சு முடிந்தது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. முதல் கிழமை முகத்தை நீட்டிக்கொண்டுதான் செய்தான். போகப் போகக் கை பழகிவிட்டது. ஒவ்வொரு பாங்குக்கும், இடையிலும், வாப்பாவை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் கால் ஓரிடத்தில் நின்றது.

"வேலைக்குப் போகல்லியா?" கோணிய வாயால் வாப்பா நாள் தவறாமல் கேட்பார்.

"இண்டைக்கு லீவு, வாப்பா."

"நல்ல கம்பனி. ஒவ்வொரு நாளும் லீவு குடுக்கிறான். விட்டிராத."

மறதியில் கேட்கிறார் என்றே நினைத்திருந்தான். போன கிழமை, கஞ்சி பருக்கி வாய் துடைத்துவிடும்போது வாப்பா அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நாளில் துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மனுஷன். அக்கரைக்குப் போக ஃபெரிக்குக் காத்துநின்ற சனமெல்லாம் அவர் ஆற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத்தான் குடித்தது. பாலம் வந்தது. பஸ் நிற்காமல் போனது. கடையும் போனது.

"பாலம் திறந்த நேரம் உம்மாட்ட நானும் அப்பிடித்தான் சொன்னனான்," என்றார். "கடைக்கு ரெண்டு நாள் லீவு எண்டு."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று அவனுக்குத்தான் இருந்தது.

பின்வளவில் சீலையால் மறைப்புக் கட்டி மையித்தைக் குளிப்பாட்டினார்கள். முத்தலிப் தண்ணீர் வார்க்க, பிள்ளைகள் இரண்டு பேரும் பிடித்தார்கள். காக்காவுக்கு எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. ஒரு தரம் கை வழுக்கியது.

"தோளையும் இடுப்பையும் பிடிங்க காக்கா. மெதுவா."

மூடியிருந்த துணிக்குக் கீழால் கையை விட்டு முதுகைக் கழுவிக்கொண்டிருந்த முத்தலிப் நிறுத்தினார்.

"எவ்வளவு காலம் படுக்கையில கிடந்தவர்?"

"ஒரு வருஷத்துக்குக் கிட்ட," என்றார் காக்கா.

"முதுகில ஒரு புண்ணும் இல்லையே. நேர்ஸ் ஆரும் வெச்சிருந்தீங்களா?"

"இல்ல. தம்பி வீட்டில சும்மாதானே நிண்டவன். அவன்தான் பாத்தது."

"சும்மாவா," என்றார் முத்தலிப். கற்பூரத் தண்ணீர் வாளியைத் தன் பக்கம் இழுத்தார். காக்கா வாப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சஜீத்தின் முகத்தைப் பார்க்காமல் துவாயை அவனிடம் நீட்டினார்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடியில் நின்று பார்த்தால் குடாவுக்கு அப்பால் துறைமுகம் தெரியும். கப்பலொன்று வந்து நின்றது. கையில் அள்ளிய மண்ணோடு நின்றுகொண்டு, க்ரேன் ஆடுகிறதா, ஆட்களை எடுப்பார்களா என்று அவன் பார்த்தான். தன்னைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று இருந்தது. மண்ணைப் போட்டான்.

வீடு திரும்பிக் கதிரையில் குந்தினதும் ஃபோன் அதிர்ந்தது. கொழும்பு நம்பர். எழுந்து மதிலோரம் போனான்.

"சேர், எங்கட கொன்டெய்னர் யாட் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தீங்கள்," என்றாள் ஒரு பிள்ளை. "ஒரு விஷயம் தெரிய வேணும். கடைசி வேலைக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கு. அந்த நேரம் என்ன செய்தீங்கள்?"

போன இடமெல்லாம் கேட்ட கேள்விதான். சொந்த பிஸ்னஸ் என்று சொல்லுவான். என்ன பிஸ்னஸ் என்று அடுத்த கேள்வி வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த வேலை அவனுக்கு வேண்டும்.

"வாப்பா படுக்கையில கிடந்தவர். அவரப் பாத்தனான்."

"ஓ, சரி. அப்ப உடனே வேலைக்குச் சேர ஏலுமா? அவரப் பாக்க வேற ஆக்கள் இருக்கினமா?"

"தேவையில்ல," என்றான். "அந்த வேலை இண்டைக்குக் காலையோட முடிஞ்சுது."

"ஸொரி சேர். நான் பிறகு எடுக்கிறன்."

எப்ப எடுப்பீங்கள் என்று அவன் எல்லோரிடமும் கேட்கிறவன். இன்று கேட்கவில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பள்ளிவாசலில் இரவல் வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காக்கா ஆள் பிடித்து அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஹுஸ்னியா மெத்தையைக் கழுவி மதிலில் சாத்தியிருந்தாள். அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

அஸர் பாங்கு கேட்டது. முத்தலிப்பின் குரல்.

அவன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினான். அவன் அறைக்குள் போனான். கட்டில் கிடந்த இடத்தில் சீமெந்துத் தரை வேறு நிறமாக இருந்தது. தலைமாட்டு யன்னலில் வாப்பாவுக்குப் பூசிவிடும் பவுடர் பேணி. பிறகு பின்கதவால் வளவுக்கு இறங்கினான்.

மெத்தையின் ஒரு பக்கம் காய்ந்திருந்தது. ஒரு கையை மேலேயும் ஒரு கையை நடுவிலும் கொடுத்து, மெதுவாக, ஈரமான பக்கம் வெயிலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தான். சுருங்கிக் கிடந்த துணியை இழுத்துவிட்டான். பாங்கு முடியும்வரை அந்த இடத்திலேயே நின்றான்.