யாரும் விடுபடாத தேத்தண்ணி

தேயிலை விலை விழுந்த இரண்டாம் வருடம், அது ஏன் விழுந்தது என்று பேச எங்கள் கல்லூரியில் மாநாடு கூட்டினார்கள். விழுந்தது குன்னூரில். ஆராய வந்தவர்கள் கொல்கத்தா, டாக்கா, நைரோபியிலிருந்து. பகலெல்லாம் திரையில் வரைபடம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் கோடு மேலிருந்து கீழே போனது. பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே போய் பிஸ்கட் தின்றார்கள்.

எனக்கும் மாநாட்டுக்கும் என் வருகைப் பதிவால்தான் சம்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பருவத்தில் வகுப்புக்கு நான் வந்த நாட்களைவிட மழை வந்த நாட்கள் அதிகம். பரீட்சை எழுத விடமாட்டோம் என்றுவிட்டார்கள். எழுதாவிட்டால் ஒரு வருடம் போகும். போனால் என்ன என்று கேட்கலாம். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்தது. அப்பா வீரையா விடியற்காலையில் கேத்திக்குப் போய், பனிக்கட்டி மாதிரித் தண்ணீரில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். "வருசம் போச்சுன்னா நீயும் வந்துரு, பக்கத்துல எடம் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். நிஜமாகவே இடம் பிடித்து வைப்பவர் போலச் சொன்னார்.

மாநாட்டைப் பொறுப்பேற்று நடத்திய பேராசிரியர் மனோகரன் என்னைக் கூப்பிட்டார்.

"சசிதரா, கடைசி நாள் சாயங்காலம் விருந்தாளிகளுக்கு ஒரு நிகழ்ச்சி. நீதான் நடத்தற. ஒருத்தர்கூட விடுபடக் கூடாது. போன தடவை கண்ணு தெரியாத மனுசரைத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிட்டுப் போயி வியூ காட்டியிருக்கோம். அந்த மனுசரு அப்புறம் போன் போட்டுத் திட்டுனது இன்னும் என் காதுல இருக்கு. யாரும் விடுபடலேன்னா உன் அட்டெண்டன்ஸுக்கு பிரின்சிபால்கிட்ட நானே பேசறேன். ஒருத்தர் விட்டுப்போனாலும், நீயும் விட்டுப்போன."

நானும் இக்ராமும் உட்கார்ந்து யோசித்தோம். இக்ராமின் வாப்பாவுக்கு மேல் பஜாரில் வர்க்கி பிஸ்கட் கடை. அவனுக்கு வருகைப் பதிவு நிறைய இருந்தது. என்மேல் இரக்கத்தில் வந்தான். மலை ரயில் என்றேன். நைரோபிக்காரர் முவாங்கி சக்கர நாற்காலியில் வந்திருந்தார், பெட்டிப் படி உயரம். குதிரைச் சவாரி என்றேன். அதற்கு இக்ராம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சினிமா என்றால் மொழி. பூங்கா என்றால் ஒரு அம்மாளுக்குப் பூவைப் பார்த்தால் தும்மல். விருந்து என்றால் ரம்ஜான் மாதம். டாக்காக்காரரும் இக்ராமும் நோன்பு.

"எல்லாருக்கும் பொதுவா என்னடா இருக்கு?" என்றேன்.

"கையும் வாயும்" என்றான் இக்ராம்.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்கள் வீடுகளில் தேநீருக்குப் பெயர் தேத்தண்ணி. பால் கிடையாது. சீனியைத் தேத்தண்ணியில் போடுவதும் கிடையாது. உள்ளங்கையில் வைத்துக்கொள்வோம். ஒரு நக்கு, ஒரு மடக்கு. உட்கார்ந்துகொண்டும் செய்யலாம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை நோன்பாளி கையை மூடிக்கொண்டு காத்திருக்கலாம், மொழி தேவையில்லை, பூவும் இல்லை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் இலை எடை போடும் கொட்டகை சமதரையில் இருந்தது. எடை போட இலை இல்லாததால் காலியாகவும் இருந்தது. விலைச் சரிவு எனக்குச் செய்த ஒரே உதவி அது.

அம்மா மருதாயியிடம் சொன்னேன்.

"தேத்தண்ணி ஊத்துறதெல்லாம் ஒரு நிகழ்ச்சியாடா?"

"காலேஜுல அதுக்குப் பேரு பண்பாட்டு நிகழ்ச்சிம்மா."

"அப்ப நான் தெனமும் ரெண்டு வேள பண்பாடு பண்ணுறேன். ஒங்கப்பா ஒரு நாளாச்சும் கை தட்டுனாரா?"

ஆனாலும் லயமே கூடிவிட்டது. ஃபேக்டரியைப் பாதி நாள் மூட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கம் வந்த வெளியாள் எல்லாம், நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார்கள். குடிக்க வருகிறோம் என்று யாரும் வந்ததில்லை. கொட்டகை வாசலைக் கூட்டி, மண்ணெண்ணெய் டின்னில் வளர்த்த ஜெரேனியச் செடிகளை வரிசையாக வைத்தார்கள். தும்மல் அம்மாளைச் செடியிலிருந்து மிகத் தள்ளி உட்காரவைத்தேன். அந்த அளவு கவனமாக இருந்தேன்.

சாயங்காலம் பஸ் வந்தது. முவாங்கி கொட்டகைக்குள் உருண்டு வந்தார். அம்மா ஒவ்வொரு கையாகப் பிடித்து விரித்துச் சீனி வைத்தாள். பக்கத்து வீட்டு மூக்கம்மா அத்தை கெட்டிலோடு பின்னால் வந்தாள். இக்ராமும் டாக்காக்காரரும் சீனியை மூடிப் பிடித்துக்கொண்டு, யாரையோ குத்தப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

முதல் டம்ளர், விருந்தாளிகளில் பெரியவரான கொல்கத்தா லாஹிரிக்கு. அவர் ஏலக் கம்பெனியில் தேயிலை ருசி பார்ப்பவர். அவர் நாக்குச் சொல்வதுதான் விலை. லாஹிரி டம்ளரை முகர்ந்தார். 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று பிரஷர் குக்கர் மாதிரிச் சத்தத்தோடு உறிஞ்சினார். கன்னத்துக்குக் கன்னம் உருட்டினார். கூரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஜெரேனிய டின்னில் துப்பினார்.

அது அவர் தொழில். ருசி பார்க்கிறவர்கள் துப்புவார்கள். பெரியவரே துப்பியதால் இதுவும் ருசி பார்க்கும் நிகழ்ச்சிதான் என்று, விருந்தாளிகளில் இருந்த மற்ற ருசிக்காரர்களும் ஆளுக்கொரு டின்னைத் தேடிப் போனார்கள்.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொன்னாலே ஒரு வருடம் பேச்சிருக்காது. வாயில் வாங்கித் துப்பினால் என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை.

"செடிக்கு நாளைக்குத் தண்ணி ஊத்த வேணாம்" என்றாள் மூக்கம்மா அத்தை.

அம்மா சீனி டப்பாவை மூடினாள்.

மனோகரன் சார் என் காதருகில் வந்தார். "சசிதரா, உங்கம்மா விடுபட்டுட்டாங்க."

கேத்தித் தண்ணீரின் குளிர் என் முழங்கால்வரை ஏறியது. லாஹிரியிடம் ஓடி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் டம்ளரையும், டின்னையும், அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னா சொல்லுறாரு?" என்றாள் மூக்கம்மா அத்தை.

நான் யோசித்தேன். பொய் சொல்ல நேரம் இருந்தது. நல்ல பொய்தான் கிடைக்கவில்லை.

"நல்லாருக்குன்னுதான் சொல்றாரு. ஆனா முழுங்கிப் பழக்கமில்லையாம். முப்பது வருசமாத் துப்பித் துப்பி, தேத்தண்ணி குடிக்கிறதே இல்லையாம். ஊட்டுல காப்பிதானாம்."

அத்தை கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"இருடா" என்றாள் மூக்கம்மா அத்தை. "நம்ம கொழுந்துக்கு வெல வைக்கிறது இவருதானே?"

"ஆமா."

"காப்பி குடிக்கிற ஆளு?"

"ஆமாத்த."

"ஏன்டி மருதாயி, வெல ஏன் எறங்குச்சுன்னு மூணு நாளாக் கூட்டம் போட்டுத் தேடுறாங்களாமே! இந்தா நிக்குது பாரு, இம்மாம் பெருசா!"

முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு லயமே சிரித்தது. என்ன என்று எல்லோரும் கேட்க, மனோகரன் சார் வேறு வழியில்லாமல் மேடைக் குரலில் அதை மொழிபெயர்த்தார். முவாங்கி சக்கர நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூன்று நாள் மாநாட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முதல் காரணம் அதுதான். எல்லோரையும்விட லாஹிரி அதிகமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா டப்பாவைத் திறந்து அவர் கையை விரித்தாள்.

"நக்கிக்கிட்டு முழுங்கச் சொல்லுடா. ஏச மாட்டேன்னு சொல்லு."

லாஹிரி சீனியை நக்கினார். ஒரு மடக்கு வாயில் எடுத்தார். பழக்கதோஷத்தில் கன்னம் ஒரு பக்கம் உப்பியது. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஒரு வருடம் அந்தக் கன்னத்தில் உருண்டுகொண்டிருந்தது.

தொண்டை ஏறி இறங்கியது.

"எறங்கிருச்சு!" என்று கத்தினாள் மூக்கம்மா அத்தை. கைதட்டல். லாஹிரி டம்ளரை மறுபடி நீட்டினார். மற்ற ருசிக்காரர்களும் ஒழுங்காக வந்து கையை நீட்டினார்கள். கீழே பஜாரிலிருந்து பாங்குச் சத்தம் ஏறி வந்தது. இக்ராமும் டாக்காக்காரரும் முஷ்டியைத் திறந்தபோது சீனி பாகாகியிருந்தது. அதை நக்கிக்கொண்டே இக்ராம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எல்லோரும் பஸ் ஏறியதும் மனோகரன் சார் முன்னால் நின்று கேட்டார். "இன்னிக்கு யாராச்சும் விடுபட்டுப் போனீங்களா?" இங்கிலீஷில் கேட்டார், இந்தியில் கேட்டார், தமிழிலும் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. நான் மூச்சை விட்டேன்.

டிரைவர் சீட்டிலிருந்து ஒரு கை எழுந்தது. ஆறுச்சாமி.

"ஏனுங்க சார், கொட்டகைக்குள்ள ஒரே சிரிப்பும் கைதட்டலுமுங்க. வண்டியப் பாத்துக்கன்னு தம்பி சொல்லிப்போட்டுப் போனாப்ல. பாத்துட்டே இருக்கறனுங்க."

கண், கால், மொழி, நோன்பு, தும்மல், எல்லாம் யோசித்த எனக்கு, அத்தனை பேரையும் ஏற்றி வந்த ஆள் தோன்றவே இல்லை. நான் பஸ்ஸிலிருந்து குதிப்பதற்குள் அம்மா கெட்டிலோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா, எனக்குச் சீனி வேண்டாமுங்க. சுகரு."

அம்மா ஒரு நொடி நின்றாள். மடியிலிருந்து இஞ்சித் துண்டு ஒன்றை எடுத்து, ஜன்னல் வழியாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். "வெறுங்கையோட குடிக்கக் கூடாது."

ஆறுச்சாமி இஞ்சியைக் கடித்து, 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சினார். கன்னத்தை உப்பினார். கூரையைப் பார்த்தார். மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, வேண்டாம்ங்ணா!" என்றேன்.

விழுங்கிவிட்டு, "சும்மா, தம்பி" என்றார்.

மனோகரன் சார் என் தோளில் கை வைத்தார். "போயிப் படி."

அந்த வருடம் அப்பா கேரட்டைத் தனியாகத்தான் கழுவினார்.