வெள்ளைத் தலை ஆகாது

ஷமீமுக்கு வயிறு எரியப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஓரகத்தி ஃபிர்தௌஸ் வீட்டு ஜன்னலில் புதுத் திரைச்சீலை தொங்கினால் போதும், அன்றைக்கு ஷமீம் வீட்டில் ரொட்டி கருகிவிடும். ஆனால் பக்கத்து வீட்டு ஸ்காட்லாந்துக்காரி இஷ்பெல் கெடஸ் மேல் இருந்த எரிச்சல் வேறு ரகம். அதில் கொஞ்சம் ஆராய்ச்சியும் கலந்திருந்தது.

ஆராய்ச்சி இதுதான். கடல் தாண்டி மலாவிக்கு வந்து இந்த லிம்பே ஊரில் குடியேறிய இரண்டு கூட்டத்தில் யார் நிஜமாகவே வசதி? ஸ்காட்லாந்துக்காரர்களா, பாகிஸ்தான்காரர்களா?

"இதுல என்ன சந்தேகம்? அவகிட்ட இருக்குறது ஒரே ஒரு ஓட்டைக் கார். நம்ம யார்டுல பதினாலு கார் நிக்குது," என்பார் கணவர் இர்ஷாத். ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய கார்களை வாங்கி விற்பது அவர் தொழில்.

"அந்தப் பதினாலும் விக்கிறதுக்கு நிக்குது. அவளோட ஒண்ணு அவளோடது," என்பாள் ஷமீம்.

இஷ்பெல் வீட்டுத் திரைச்சீலைகளுக்கு ஷமீமைவிட வயது அதிகம். ஸ்வெட்டரின் முழங்கையில் ஒட்டு. ஒரே தேயிலைப் பையை இரண்டு கோப்பையில் முக்குவாள், விருந்தாளி வந்தால்கூட. ஆனால் அவள் நாய்க்கு மாதம் தவறாமல் டாக்டர் வருவார். வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர், அதுவும் தியோலோ போகும் மெயின் ரோட்டைப் பார்த்தபடி. ஷமீமுக்கோ ஊரில், மண்டி பஹாவுத்தீனில், மூன்று மாடி வீடு இருந்தது. பளிங்குத் தரை, கீழிருந்து மேல்வரை பூட்டு. இங்கே வாடகை வீட்டில் கூரை ஒழுகியது. எதையும் வாங்காதவள் பணக்காரியா, வாங்கிப் பூட்டி வைத்திருப்பவள் பணக்காரியா? இந்தக் கேள்வியோடு ஷமீம் பதினொரு வருஷமாக வேலிப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாமாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது, இஷ்பெல் வீட்டு முதல் காலடி.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம். புது வருஷம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவர் யாரோ, அவரைப் பொறுத்துத்தான் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டின் யோகம். உயரமான ஆம்பளையாக இருக்க வேண்டும், கறுகறுவென்று முடி வேண்டும், கையில் கரித்துண்டும் ரொட்டியும் வேண்டும். லிம்பேயில் மிச்சமிருந்த பதினொரு ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் ஆம்பளைகள் எல்லாருக்கும் ஒன்று வழுக்கை, இல்லை நரை. ஆகவே எட்டு வருஷமாக இஷ்பெல் கூப்பிடுவது இர்ஷாத்தின் அண்ணன் மக்சூதைத்தான். மக்சூத் ஆறடி. ஐம்பது வயதிலும் ஒரு முடி நரைக்கவில்லை. அந்த எட்டு வருஷத்தில்தான் அவர் யார்டு மெயின் ரோட்டுக்கு வந்தது, தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் லாரி கொடுக்க ஆரம்பித்தார், ஃபிர்தௌஸுக்கு இரண்டு கையும் வளையலால் நிறைந்தது. அதிர்ஷ்டம் அந்த வீட்டுக்குப் போகிறதோ என்னவோ, போகிற வழியில் பாதியை இவர்களே கறந்துகொள்கிறார்கள் என்று ஷமீம் உறுதியாக நம்பினாள்.

டிசம்பர் முதல் வாரம் இஷ்பெல் இரண்டு குடும்பத்தையும் தேநீருக்குக் கூப்பிட்டாள். வழக்கம்போல வெளுத்த தேநீர். சமையற்காரன் வைசன் தட்டோடு பின்னால் நின்றிருந்தான்.

"நான் ஊருக்கே, டண்டீக்கே போறேன், தங்கச்சியோட இருக்க," என்றாள் இஷ்பெல். "முழங்கால் முடியல. வீட்ட அஞ்சு வருஷக் குத்தகைக்கு விடணும். பெரிசா வாடகை எதிர்பார்க்கல, நல்லா வச்சுக்கிட்டாப் போதும். நீங்க ரெண்டு பேருமே கேட்டிருக்கீங்க."

இரண்டு பேருமா? ஷமீம் ஃபிர்தௌஸைப் பார்த்தாள். ஃபிர்தௌஸ் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஏற்கனவே ரோட்டு மேல இடம் இருக்கே பாபி?" ஷமீம் அண்ணியிடம் அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"இருக்கு. ஆனா லாரி நிறுத்தப் பத்தல. அல்லா குடுக்கும்போது வேணாம்னு சொல்ல முடியுமா?"

இர்ஷாத்தின் யார்டு பஸ் டிப்போவுக்குப் பின்னால், சந்துக்குள் இருந்தது. அங்கே கார் இருக்கிறது என்று அந்தக் காருக்கே தெரியாது. அதையும் பிப்ரவரிக்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. இந்த இடம் கிடைக்காவிட்டால் இர்ஷாத் அண்ணன் யார்டில் மேனேஜராகப் போக வேண்டியதுதான். அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஃபிர்தௌஸ் கையால் சம்பளம். அதற்குப் பதில் ஷமீம் ஷிரே ஆற்றில் முதலை வாயில் இறங்கத் தயார்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் குடுத்தாலும் இன்னொருத்தர் மூஞ்சில நான் முழிக்க முடியாது," என்றாள் இஷ்பெல். "அதனால நான் முடிவு பண்ணப் போறதில்ல. புது வருஷத்தன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள யாரு முதல்ல கால் வைக்கிறாங்களோ, அவங்களுக்கு. ஆனா லட்சணம் சரியா இருக்கணும், அத மாத்த மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்ததும் ஷமீம் கணவரைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். உயரம் பரவாயில்லை. தலைதான் பஞ்சுப் பொதி. நாற்பத்தாறு வயதில் ஒரு முடிகூடக் கறுப்பில்லை.

மறுநாள் வேலிப்பக்கம் போய் வைசனைக் கூப்பிட்டாள்.

"ஏய் வைசன், இங்க வா. உங்க மேடத்தோட இந்த முதல் காலடி விஷயத்துல எது ஆகாது, சொல்லு."

வைசன் தோட்டத்துக் குழாயை மூடிவிட்டு நிதானமாக வந்தான். "பொம்பளைங்க ஆகாது மேடம். வெறுங்கை ஆகாது. வெள்ளைத் தலை ஆகாது."

"வெள்ளை போச்சுன்னா சரிதானே?"

"வெள்ளை ஆகாது மேடம்," என்றான் மறுபடியும், தலையை ஆட்டிக்கொண்டே.

அது போதும் ஷமீமுக்கு.

"கறுப்புச் சாயமா? முடியவே முடியாது," என்றார் இர்ஷாத். "கறுப்பு பூசக் கூடாதுன்னு ஜும்மாவுல இமாம் எத்தனை தடவை சொல்லியிருக்காரு. நாளைக்குத் தொழுகைக்குப் போக வேணாமா நான்?"

"கறுப்ப யாரு கேட்டா? வெள்ளை போகணும், அவ்வளவுதான். மருதாணி கூடாதுன்னு எந்த இமாமும் சொல்லல."

இர்ஷாத் யோசித்தார். அவருடைய தாத்தா, பெரியப்பா, ஹஜ்ஜுக்குப் போய் வந்த மாமாக்கள் எல்லாருக்கும் மருதாணித் தலைதான், மருதாணித் தாடிதான். ஊரில் அதற்கென்று ஒரு மரியாதையே உண்டு. சரி என்றார்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ஷமீம் தன் கையாலேயே குழைத்து அப்பினாள். ஊரிலிருந்து வந்த மருதாணி, தேயிலைத் தண்ணீரும் எலுமிச்சையும் ஊற்றிக் குழைத்தது. நாலு மணி நேரம் ஊறி அலசியபோது இர்ஷாத்தின் தலை நறுக்கிய பப்பாளி நிறத்தில் தகதகவென்று இருந்தது.

"மாஷா அல்லா," என்றாள் ஷமீம். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

ஃபிர்தௌஸ் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அன்று அவரை வாசல் பக்கமே விடவில்லை.

காலை ஆறரைக்கு மழை விட்டிருந்தது. முழங்கால் பூட்டிக்கொண்ட பிறகு இஷ்பெல் நடுராத்திரிவரை விழித்திருப்பதை நிறுத்திவிட்டாள். முந்தின சாயங்காலமே வாசல் கதவைத் தாழ் போட்டு, காலை ஆறரைக்கு மேல்தான் திறப்பாள். இர்ஷாத் வெளுத்த ஷெர்வானி போட்டு, ஒரு கையில் கரித்துண்டு, இன்னொரு கையில் கேக் பொட்டலத்தோடு சிவப்புச் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார். பொம்பளை ஆகாதே என்று ஷமீம் வாசற்படிக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டாள். அதே நேரம் கேட்டுக்கு வெளியே மக்சூதின் கார் வந்து நின்றது. முன்சீட்டில் ஃபிர்தௌஸ்.

"ஓடுங்க!" என்றாள் ஷமீம்.

இர்ஷாத் படியேறிக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. புதுச் சட்டை போட்டு, கையில் முதல் காலடிக்காரருக்கு வழக்கப்படி நீட்டும் விஸ்கிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நின்றாள் இஷ்பெல். இர்ஷாத்தின் தலையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"நில்லு! ஒரு அடி வைக்காதே!" கைத்தடியைக் கதவுக்குக் குறுக்கே நீட்டிவிட்டாள்.

"வெள்ளை இல்ல மேடம்," என்றார் இர்ஷாத் பதறிப்போய். நன்றாகத் தெரியட்டும் என்று தலையைக் குனிந்து வேறு காட்டினார். "ஒரு முடிகூட வெள்ளை இல்ல, பாருங்க."

இஷ்பெல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "செவப்புத் தலை! பொம்பளை வந்தாக்கூடப் பரவால்ல. செவப்புத் தலை வாசல மிதிச்ச வருஷம்தான் எங்க வீட்டுல மூணு பேரைக் கடல் கொண்டுபோச்சு. அதை நாங்க வாயால சொல்றதுகூட இல்ல. இன்னிக்கு என்னைச் சொல்ல வச்சுட்டே!"

ஷமீம் வைசன் சொன்னதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்: பொம்பளை, வெறுங்கை, வெள்ளை. செவப்பு ஆகாதா? யாராவது சொன்னார்களா?

அதற்குள் மக்சூத் கறுத்த தலையைச் சீவிக்கொண்டே நிதானமாகப் படியேறி வந்தார். தம்பியின் தலையைப் பார்த்து இருமினார், சிரிப்பை அடக்குகிற இருமல். காரிலிருந்து இறங்கிய ஃபிர்தௌஸுக்கு அடக்கவெல்லாம் தோன்றவில்லை.

"என்ன ஷமீம் இது? நிக்காஹ் ஏதாச்சும் நடக்குதா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

இஷ்பெல் கைத்தடியை இறக்கினாள். மக்சூத் வலது காலைத் தூக்கினார்.

அந்த ஒரு நொடியில் ஷமீமின் கண் முன்னால் அடுத்த ஐந்து வருஷமும் ஓடிவிட்டது. மாதக் கடைசியில் வளையல் குலுங்க நீட்டப்படும் சம்பளக் கவர். இந்த வாசலில் ஃபிர்தௌஸின் திரைச்சீலை. யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், இவளுக்குப் போகக் கூடாது. அப்போதுதான் இஷ்பெல்லுக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு வைசன் நிற்பது தெரிந்தது.

"அப்ப இவன் எப்படி உள்ள இருக்கான்?" என்று கத்தினாள் ஷமீம்.

மக்சூதின் கால் அந்தரத்திலேயே நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வைசன்," என்றாள் இஷ்பெல் மெதுவாக, "நீ எப்ப உள்ள வந்தே?"

"அஞ்சு மணிக்கு டோனா. தினம் வர்ற மாதிரிதான். சமையக்கட்டு வழியா," என்றான் வைசன்; அவன் பாஷையில் 'டோனா' என்றால் எஜமானி.

"கையில?"

"அடுப்பு மூட்டக் கரி கொண்டுவந்தேன். பேக்கரியில ரொட்டியும் வாங்கிட்டு வந்தேன்."

இஷ்பெல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம். தலை நிறையக் கறுப்பு முடி.

"எட்டு வருஷமா மக்சூத் வர்றதுக்கு முன்னாடி நீதான் வந்திருக்கே."

"இருபத்திரண்டு வருஷமா டோனா."

"வேலைக்கு வர்றதெல்லாம் கணக்குல வராதுங்க மேடம்," என்றார் மக்சூத், காலை இன்னும் கீழே வைக்காமல்.

"அன்னிக்கு டோனா 'யாரு முதல்ல கால் வைக்கிறாங்களோ'ன்னுதான் சொன்னாங்க," என்றான் வைசன் பணிவாக. "நான் தட்டோட அங்கதானே நின்னுக்கிட்டிருந்தேன். என் மக தியாமிகேகிட்டயும் சொன்னேன். மார்க்கெட்ல மருந்துக்கடை வச்சிருக்காளே, அவ. பெரிய இடமா தேடிக்கிட்டிருக்கா."

இஷ்பெல் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். கையிலிருந்த விஸ்கிக் கோப்பையை வைசனிடம் நீட்டினாள். "சொன்னா சொன்னதுதான்," என்றாள்.

திரும்பிப் போகும்போது ஃபிர்தௌஸ் சிரிக்கவில்லை என்பது ஷமீமுக்கு அரை மணி நேரத்துக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குமேல் நீடிக்கவில்லை. இர்ஷாத் குளியலறையில் சோப்புப் போட்டுத் தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், போகிற நிறமா அது? ஷமீம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். பதினொரு வருஷமாக வேலி மேல் எட்டிப் பார்த்து இவர்களா அவர்களா என்று தராசு பிடித்தவள். வைசனுக்கு மருந்துக்கடை வைத்திருக்கும் மகள் இருப்பதுகூடத் தெரியவில்லை. சிலோமோனியில் அவருக்குச் சொந்தமாக ஓட்டு வீடு இருக்கிறதாம், மாவு மில் இருக்கிறதாம். எல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது. கேட்கக் கேட்கப் புதிதாக எரிந்தது.

மூன்றாம் தேதி காலை பாலைச் சுண்டக் காய்ச்சி, பிஸ்தா தூவி, நல்ல கிண்ணமாகப் பார்த்துப் பாயசம் எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனாள். வைசன் தோட்டத்துக் குழாயடியில் நின்றிருந்தார்.

"வைசன்... நல்லா இருக்கீங்களா?" என்றாள். 'இருக்கீங்களா' என்பது அவள் வாய்க்கே புதிதாக இருந்தது. "செவப்பும் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நீங்க வெள்ளையைத்தானே கேட்டீங்க?"

ஷமீம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கிண்ணத்தை நீட்டினாள். "மகளுக்கு. இடம் கிடைச்ச சந்தோஷத்துக்கு."

"ரொம்ப நன்றி மேடம். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. வீடும் பக்கத்து நிலமும் மகளுக்குப் போதுமாம். ரோட்டோரம் முன்னால இருக்குற இடத்தை யாராவது கார்க்காரங்களுக்கு விட்டுடலாம்ங்கிறா."

ஷமீம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேலிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"இது ஃபிர்தௌஸ் பாபிக்குத் தெரியுமா?"

வைசன் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நேத்தே அவங்க வீட்டு பிரியாணிதான் சாப்பிட்டோம் மேடம்."