பல்லி இன்னும் சொல்லவில்லை

எங்கள் ஊரில் ஒருவர் சொன்னது நடப்புக்கு வரவேண்டுமானால் அந்த வீட்டுப் பல்லி சத்தம் கொடுக்கவேண்டும். முதலில் ஆள் சொல்லவேண்டும், பிறகு பல்லி சொல்லவேண்டும், அதன் பிறகு கேட்டவர் விரலை மடக்கி மரத்தில் மூன்று முறை தட்டவேண்டும். பல்லி வாய் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, என் கணவர் சிவதாணு, "உன்கூட இனிமே என்னால இருக்க முடியாது, நான் போறேன்" என்று சொன்னார். பல்லி சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் பையோடு வாசற்படியில் நிற்கிறார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அவர் நின்றதில் குறை சொல்ல ஏதுமில்லை. சாரல் அடித்தால் தோளை மட்டும் உள்ளே சாய்த்துக்கொள்வார். சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தால் ஒரு கையால் வாங்கிச் சாப்பிடுவார். பையில் இருந்த சட்டைகள் அவருக்குச் சின்னதாகிப் போயின. எங்களுக்குள் பேச்சில்லை. பேசவேண்டியதை அவர் அந்தப் புதன்கிழமையே பேசி முடித்திருந்தார்.

வாசலில் அவர் நின்றதால் நான் பின்கதவையே பயன்படுத்தினேன். பின்கதவு பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் கிணற்றடியில் போய் முடிகிறது. அதற்கப்பால் அவள் வீடுதான், தெருவுக்குத் தனி வழி இல்லை. எனக்கு வேண்டியதையெல்லாம் ஜெசிந்தாதான் கடைத்தெருவில் வாங்கி வந்தாள். நாற்பது வயதில் கிணற்றடிவரை நடந்தேன். எழுபத்தொரு வயதிலும் கிணற்றடிவரைதான் நடந்துகொண்டிருந்தேன்.

தெருவில் போகும்போதெல்லாம் ஜெசிந்தா கேட்பாள்: "என்ன அண்ணே, இன்னும் கிளம்பலியா?"

"கிளம்பிட்டேம்மா. போகத்தான் முடியல" என்பார் அவர்.

இந்த ஆவணியில் கால்நடை மருத்துவர் ஹெலன்மேரி ஊருக்கு மாற்றலாகி வந்தார். வாயடைத்த பல்லிகளுக்குக் கைராசிக்காரர் என்று சொல்லி ஜெசிந்தா அவரைப் பின்கதவு வழியாக அழைத்து வந்தாள். மருத்துவர் முக்காலியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஒட்டியிருந்த பல்லியின் தலையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"தொண்டையில கோளாறு இல்லம்மா. குரலுக்கு உத்தரவு மூளையிலேருந்துதான் வரணும். அங்க ஏற்பிகள்னு சின்னச் சின்ன இருக்கை மாதிரி இருக்கும். ஆண் ஹார்மோன் ரத்தத்துல வந்து அதுல உட்காரும். உட்கார்ந்தா குரல் கிளம்பும். குரல் வெளிய போனதும் எழுந்து போயிரணும்."

"இதுக்கு உட்காரலையா?"

"உட்கார்ந்தாச்சு. நாற்பது ஏற்பி, நாற்பதுலயும் ஆள் இருக்கு. எழுந்திரிக்கத்தான் இல்ல. புதுசா வர்ற ஹார்மோன் எல்லாம் எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போகுது."

வாசலிலிருந்து சிவதாணு, "பாவம்" என்றார்.

மருத்துவர் முக்காலியிலிருந்து இறங்கினார். "குரல் கிளம்புற நேரத்துல தட்டுற சத்தம் கேட்டிருக்கு. தட்டியாச்சுன்னா விஷயம் முடிஞ்சுதுன்னு குரல் உள்ளயே நின்னுருச்சு. குரல் வெளிய வராம உட்கார்ந்த ஹார்மோனுங்க எழுந்திரிக்கக் கூடாது. யாரோ முந்தித் தட்டியிருக்காங்க."

"நான்தான்" என்றேன். "அவர் சொன்ன உடனே தட்டிட்டேன்."

"பழக்கத்துல தட்டிட்டீங்களாம்மா?"

"இல்லை. அவசரம்."

சிவதாணு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். உள்பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

"அன்னைக்கு மேசை மேல ஊறுகாய் ஜாடி மூடி ஆடிச்சே, அது நீ தட்டினதா?"

"ஆமாம்."

"உன் கை நடுங்குதுன்னு நினைச்சேன், பகவதி. இத்தனை வருஷமும் அதையே நினைச்சுக்கிட்டு நின்னேன்." அவர் மூச்சை விட்டார். அது நீளமான மூச்சு. "அப்ப உனக்கும் போதும்னுதான் இருந்துச்சா?"

"எனக்கு அதுக்கு முந்தின தீபாவளியிலிருந்தே இருந்தது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க முந்திக்கிட்டீங்க."

அவர் சிரித்தார். முகத்திலிருந்து ஏதோ பாரத்தை இறக்கிவைத்தது போலிருந்தது. எனக்கும் தோள் இரண்டும் தளர்ந்தன.

தட்டியதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றார் மருத்துவர். மேசையின் மேல் தட்டியிருந்தால், அதே இடத்துக்கு நேர் கீழே, அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டவேண்டும். மூன்று முறை. முந்தித் தட்டியவரேதான் தட்டவேண்டும்.

ஜெசிந்தா முழங்காலுக்குத் தலையணை கொண்டுவந்து போட்டாள். "உள்ள போயிருவீங்க அக்கா. வெளிய வர்றதுக்கு யாரைக் கூப்பிட?"

"அதுக்குத்தானே நீ நிக்கிறே."

இடத்தைச் சிவதாணு சொன்னார். ஜாடிக்கு வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி. நான் மேசைக்கடியில் போனேன். பலகையின் அடிப்பக்கத்தில் தச்சர் பென்சிலால் எழுதிய அளவுகள் அழியாமல் இருந்தன. அந்த எண்களுக்கு நடுவில் தட்டினேன்.

மருத்துவர் மறுபடி முக்காலியில் ஏறிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுந்திரிக்குது. வயசானதுங்க, மெதுவாத்தான் எழும். பாதி வந்தாச்சு. ஒண்ணு ரெண்டு கால் மரத்துப்போய் நிக்குது. சரி, அதுவும் கிளம்பிருச்சு."

பிறகு பல்லி சொன்னது. கிழட்டுப் பல்லியின் வாயிலிருந்து இளம் பல்லியின் குரல் வந்தது. இந்த முறை அது முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மேசைக் காலில் மூன்று முறை தட்டினேன்.

மேசைக்கடியிலிருந்து பார்த்தால் வாசற்படி தெரியும். உள்ளே இருந்த கால் எழும்பி, வெளியே இருந்த காலின் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு கால்களும் ஒன்றையொன்று பழகிக்கொள்வதுபோலச் சற்று நின்றன. பிறகு போயின.

"திரும்பிப் பார்க்கிறாரா?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "இல்லக்கா. பையை வீசிக்கிட்டு, விசில் அடிச்சிக்கிட்டுப் போறாரு."

"நல்லா இருக்கட்டும்."

அவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வாசல் வழியாகத் தெருவின் வெயில் கூடம்வரை வந்திருந்தது. அதில் கொஞ்சநேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பிறகு முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, "நான் கடலுக்குப் போறேன்" என்றேன். பல்லி சொன்னது. ஜெசிந்தா கதவில் தட்டினாள். நான் முன்வாசல் வழியாக இறங்கி நடந்தேன்.

பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் சீட்டுப் பலகையிலிருந்து நிமிர்ந்தார்.

"கடல் நாலு மணிக்கே போயிருச்சேம்மா. அடுத்த கடல் அஞ்சேகாலுக்கு."

"கூட்டமா வருமா?"

"சனிக்கிழமைதான் கூட்டம். இன்னைக்குக் காலியாத்தான் வரும். அலைப் பக்கம் வேணும்னா இப்பவே வரிசையில நின்னுக்கோங்க."

போய் நின்றேன். எனக்கு முன்னால், நாலு மணிக் கடலைத் தவறவிட்ட ஒருவர்தான் இருந்தார். அவருடைய வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.