பஞ்சாரத்துக்கு அடியில்

கூளையன்பட்டிக்குள் போலீஸ் புகுந்த கார்த்திகை மாதப் பகலைப் பற்றி மேடையில் பேசும்போதெல்லாம் வன்னியபெருமாளுக்குக் குரல் தழுதழுக்கும். அவர் விவசாயிகள் சங்கத்தின் வட்டாரத் தலைவர். கரண்டுக் கட்டணத்தைக் கூட்டியதற்காக ரோட்டில் மாட்டுவண்டிகளைக் குறுக்கே நிறுத்திய போராட்டம் அவர் தலைமையில்தான் நடந்தது. போலீஸ் வேனைக் கண்டதும் ஆம்பிளைகள் அத்தனை பேரும் சோளக்காட்டுக்குள் ஓடினார்களே, அதுவும் அவர் தலைமையில்தான். மூன்று நாள் அங்கே குப்புறப் படுத்துக் கிடந்ததற்குத் 'தலைமறைவுப் போர்' என்று பெயர் வைத்திருந்தார்.

ஊரில் மிச்சமிருந்தது பெண்கள்.

அன்றைக்குத் தன் வீட்டு மாட்டுத்தொழு வாசலில் நடந்ததைப் பெருமாயி ஒரே ஒரு தடவை புருஷன் சிவனாண்டியிடம் சொன்னாள். அவன் முழுசும் கேட்டான். பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான். மூன்று மாதமாக அதையே காட்டிக்கொண்டிருந்தான்.

செய்தவன் ஏட்டு உக்கிரபாண்டி. சந்தைக்குப் போகிற சனத்துக்கெல்லாம் தெரிந்த மூஞ்சி. ஆனால் ஸ்டேஷன் நோட்டுப்படி அன்றைக்கு அவன் ஸ்டேஷனில் பாரா நின்றான். கூளையன்பட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. சர்க்கார் நோட்டு பொய் சொல்லாது என்று சர்க்காரே பல தடவை சொல்லியிருக்கிறது.

பெருமாயியிடம் இருந்தது ஒரு தடம். மழையில் குழைந்து கிடந்த கரிசலில் அவன் பூட்ஸ் பதிந்த தடம். ஈரத்தில் வாங்கியதைக் கரிசல் காய்ந்தபின் லேசில் விடாது, கல்லாய் இறுகிவிடும். இடது கால். குதிகாலில் அடித்த லாடம் பாதி ஒடிந்தது. முன்னால் ஓர் ஆணி இல்லை. பெருமாயி கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தாள். மழை படாமல் மேலே தகரம் வைத்தாள். வெயில் ஏறி மண் வெடித்துவிடாமல் சுற்றிலும் ஈரச்சாக்குப் போட்டாள். அடைய இடமில்லாமல் கோழிகள் வேப்பமரத்தில் ஏறின. இரண்டைப் பூனை தூக்கிப்போனது.

பக்கத்து வீட்டுப் பாலம்மாள் அவ்வப்போது வருவாள். பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்ப்பாள். அப்படியே கவிழ்த்துவிட்டுப் போவாள். அவளுக்கும் அதே பகல், அதே ஆள். அவள் மகளை எப்போதும்வென்றான் என்கிற ஊரில் பேசி முடித்திருந்தது, பங்குனியில் கல்யாணம்.

மாசியில் விசாரணை அதிகாரி வரப்போவதாகத் தாக்கீது வந்தது. வன்னியபெருமாள் சேதப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினார்.

"பானை பதினாலு, பம்புசெட்டு ரெண்டு, கோழி ஆறு. ஒண்ணு விடல தாயி."

"நாங்க எங்கன இருக்கோம் அண்ணாச்சி?" என்றாள் பெருமாயி.

அவர் பச்சைத் துண்டைச் சரிசெய்துகொண்டார். "'இன்னபிற அத்துமீறல்கள்'னு போட்டிருக்கேன். அதுக்குள்ள எல்லாம் அடங்கிரும். ஊர் மானம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"அந்த ஆறுல ரெண்டு கோழி பூனை தின்னது அண்ணாச்சி. பூனை தின்னது பட்டியல்ல இருக்கு. நாங்க இன்னபிறயா?"

"ஏத்தா, நீ வாயக் குடுத்து ஊரு வேலையக் கெடுத்துராத."

ஊரிலேயே பெரிய வாசல் சிவனாண்டி வீட்டு வாசல். அங்கேதான் பந்தல். விசாரணையன்று பெருமாயி விடியுமுன்னே தண்ணீருக்குப் போய்விட்டுத் திரும்பினாள். பந்தலுக்கு அடியில், தொழு வரைக்கும், மண் கொத்திச் சமமாக்கி, தண்ணீர் தெளித்து, கரிசலும் சாணியும் குழைத்து வழவழவென்று மெழுகியிருந்தது. பஞ்சாரம் வேலியோரம் கிடந்தது.

கையெல்லாம் சாணியாகச் சிவனாண்டி நின்றான்.

"அதிகாரி வாராரு. வாசல் லெச்சணமா இருக்கணும்னு அண்ணாச்சி சொன்னாரு" என்றான் மாட்டைப் பார்த்து.

"ஏன், மாட்டுக்கிட்டச் சொல்லுதீக?"

பெருமாயி குடத்தை இறக்கினாள். அழுகை வரவில்லை. தண்ணீர் பாதி சிந்தியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் ஏழரைக்கே வந்துவிட்டது. அதிகாரி நடக்க ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அவர் மாலையோடு அதன்மேல் நடந்தார். வன்னியபெருமாள் இளநீரோடு பின்னால் நடந்தார். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரன் மரியாதையாக ஜமக்காளத்தை விட்டு இறங்கி ஈர வாசலில் நடந்துவந்து நாற்காலிக்குப் பின்னால் விறைப்பாக நின்றான்.

ஏட்டு உக்கிரபாண்டி.

"யாருக்கும் பயப்படாதீங்க" என்றார் அதிகாரி. "எதையும் மறைக்காம மனசு விட்டுச் சொல்லுங்க." ஏட்டு கூட்டத்தைப் பார்த்து மீசையைத் தடவினான்.

பெருமாயி அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். பிறகு வேலிக்குப் போய்ப் பஞ்சாரத்தை எடுத்துவந்து, நாற்காலிக்கு நாலடி தள்ளி ஓரிடத்தில் கவிழ்த்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, கோழி பிடிக்கிறியா?" என்றார் அதிகாரி. குமாஸ்தா சிரித்தான்.

"அய்யா, கார்த்திகை மாசம் போலீஸ் வந்தப்போ என்னைக் கெடுத்தவன் உங்க பின்னால நிக்கான்."

குமாஸ்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வன்னியபெருமாள் இளநீரை எங்கே வைப்பது என்று தேடினார்.

"சார், நான் இந்த ஊருக்குள்ள கால் வைக்கிறதே இன்னைக்குத்தான்" என்றான் ஏட்டு. "ஸ்டேஷன் நோட்டு இருக்கு."

"ஆமா அய்யா, இன்னைக்குக் கால் வச்சிட்டான். அதைத்தான் மூடி வச்சிருக்கேன். அன்னைக்குப் பதிஞ்ச தடத்த மூணு மாசம் காத்தேன். உங்களுக்கு மரியாதை செய்யணும்னு காலையில மொழுகிட்டாக. அந்தப் பழைய தடத்தைப் பாத்த ஆள் இருக்கு. அது எப்படி இருந்துச்சுன்னு முதல்ல சொல்லட்டும். அப்புறம் இதைத் தூக்கிப் பாருங்க."

"யாரு பாத்தது?"

பெருமாயி கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேர் சொல்லவும் இல்லை. பேரைச் சொன்னால் பங்குனிக் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் எல்லாமே போகும். பஞ்சாரத்து ஈர்க்கு உள்ளங்கையில் குத்த, நின்றாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடது காலு."

பெண்களுக்கு நடுவிலிருந்து பாலம்மாள் எழுந்திருந்தாள்.

"ஏட்டி, உக்காரு!" என்று அவள் புருஷன் கத்தினான்.

"குதிகால் லாடம் பாதி ஒடிஞ்சது. முன்னால ஒரு ஆணி கிடையாது." அவள் குரல் சந்தையில் காய் விலை சொல்வதுபோல இருந்தது. "நான் அந்தத் தடத்தைப் பாத்தேன். ஆளையும் பாத்தேன். எங்க வீட்டுக்கும்தான் வந்தான்."

அப்போதுதான் ஏட்டு அந்தக் காரியத்தைச் செய்தான். யாரும் சொல்லாமலே இடது காலைத் தூக்கி, குனிந்து, தன் குதிகாலைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் இருநூறு பேர் தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. காலை மெதுவாகக் கீழே வைத்தான்.

பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஆனாலும் அதிகாரி பழக்கதோஷத்தில், "ஏட்டு, அதைத் தூக்குய்யா" என்றார். ஏட்டு அசையவில்லை. கடைசியில் குமாஸ்தா போய்த் தூக்கினான். பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான்.

"என்ன சார் எழுத?"

"இன்னபிற அத்துமீறல்கள்னு ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தார் வன்னியபெருமாள்.

"பேரோட எழுதுங்க" என்றாள் பெருமாயி. "எழுதி வாசிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம்தான் கைநாட்டு. இல்லைன்னா கோழிக்கும் வைக்க மாட்டேன், பானைக்கும் வைக்க மாட்டேன்."

"நானும்தான்" என்றாள் பாலம்மாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

கைநாட்டு இல்லாத விசாரணையை மேலே அனுப்ப முடியாது. சமையல் கொட்டகையிலிருந்து ஆட்டுக்கறி வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. அதிகாரி பெருமூச்சு விட்டார். குமாஸ்தா எழுதினான். வாசித்தான். ஏட்டின் பேர் வந்த இடத்தில் பெருமாயி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மையில் பெருவிரலை அழுத்தினாள்.

எட்டு நாளில் எப்போதும்வென்றானிலிருந்து நிச்சயதார்த்தச் சேலை திரும்பி வந்தது. பாலம்மாள் மகள் தாயோடு பேசுவதில்லை. உக்கிரபாண்டியைக் குளத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். புது பூட்ஸும் கொடுத்ததாகக் கேள்வி. எழுதிய காகிதம் மெட்ராஸுக்குப் போயிருப்பதாக வன்னியபெருமாள் மேடையில் சொன்னார், தானே எழுதியதுபோல.

பெருமாயி வாசலை மெழுகுவதில்லை. சிவனாண்டி ஒரு தடவை சாணியோடு வந்தான். அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போனான். கேஸ் கோர்ட்டுக்கு வந்தால் தடத்தைக் கேட்பார்கள். பஞ்சாரம் அங்கேயே கவிழ்ந்து கிடக்கிறது, சுற்றிலும் ஈரச்சாக்கு. பொழுது இறங்கினால் கோழிகள் வந்து அதைச் சுற்றிச் சுற்றிக் கேருகின்றன. அவள் விரட்டுகிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவை வேப்பமரத்தில் ஏறிக்கொள்கின்றன.